வைக்கோல் வாசமும் கொய்யாத் தோப்பும்

நான் மூக்கை நம்பிப் பிழைத்தவள். கண்ணுக்குக் கண்ணாடி வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மாதா கோயில் பாடல் குழுவில் என்னைப் பின்வரிசைக்குத் தள்ளியதால் காதைப் பற்றியும் பெருமை கிடையாது. மூக்கு மட்டும் எனக்குக் கூடுதலாக அளந்து கொடுக்கப்பட்டிருந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், ஆசிரியைகள் அறையில் யாருடைய டிபன் பாக்ஸில் என்ன வெஞ்சனம் என்று மூடி திறக்கும் முன்பே சொல்லிவிடுவேன். எந்தப் பிள்ளையின் பைக்குள் மாங்காய் ஒளிந்திருக்கிறது என்பதும் தெரியும். அதற்காக அந்தப் பிள்ளைகள் எனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

என் கணவருக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. விடியுமுன் திண்டுக்கல்லில் இருந்து கிளம்பிப் போவார். கேரளாவுக்கு லோடு ஏற்றி அனுப்பிவிட்டு, நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு அவரும் வந்துவிடுவார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்கு முருங்கை நெறைய வந்துச்சாக்கும்" என்று அடுப்படியில் இருந்தபடியே கேட்பேன். தப்பவே தப்பாது. தக்காளி அழுகிய நாளும், பூசணி உடைந்த நாளும், பீட்ரூட் ஈர மண்ணோடு வந்து இறங்கிய நாளும் அவர் சட்டையில் இருந்தே தெரிந்துவிடும். அவர் பேச்சு குறைந்த மனிதர். மண்டியில் அடுத்தவர்கள் போடுகிற கூச்சலைக் கேட்டே ஓய்ந்து வருவார். அவருடைய ஒரு நாளை அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டதைவிட நான் மோந்து தெரிந்துகொண்டதே அதிகம். எங்கள் கல்யாண வாழ்க்கை இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியது, குறையில்லாமல்.

கொரோனாவெல்லாம் ஓய்ந்து, முகக்கவசத்தை ஆணியில் மாட்டி மறந்துவிட்ட பிறகு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சலும் இல்லை. ரசஞ்சோறு, மாத்திரை, தூக்கம் என்று போய்விட்டது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் சளி என்று நினைத்து ஆவி பிடித்தேன். மூக்கு நன்றாகத்தான் திறந்திருந்தது. காப்பித்தூள் டப்பாவுக்குள் முகத்தை விட்டேன். பழுப்பாக ஒரு தூள் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். பூண்டை நசுக்கினேன். பெருங்காயத்தைச் சுட்டேன். வீட்டில் உள்ள அத்தனை டப்பாவையும் திறந்து போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் தூக்கத்தில் நடந்த மாதிரி இருக்கிறது. ஜன்னல் திறக்காத ஏசி பஸ்ஸில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே போவது போல, எல்லாம் கண்ணில் பட்டது, எதுவும் என்னிடம் வந்து சேரவில்லை. மதியம் பிரியாணிக் கடைகளில் தம் உடைக்கிற நேரம் எங்கள் ஊர்த் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும், அந்த வாசம் சாப்பிட்டு வந்தவனையும் கையைப் பிடித்து இழுக்கும். என் முன்னால் வெறும் ஆவி எழும்பி, மலைக்கோட்டைப் பக்கமாகக் கலைந்து போனது. ஞாயிறு பூசையில் தூபக் கலசத்தை ஆட்டினார்கள். வெள்ளைப் புகை பாட்டோடு சேர்ந்து மேலே போய் விளக்குகளுக்குள் மறைந்தது. பிறகு ஒரு சாயங்காலம் மழை வந்தது. வெயில் காய்ந்த மண்ணில் விழுகிற முதல் மழை. முற்றத்தில் மண் கறுத்துக்கொண்டே வருவதைப் பார்த்தபடி நின்றேன், ஒன்றுமே நடக்கவில்லை. அன்றைக்குத்தான் அழுதேன்.

"நல்லதுதான டீச்சர், இனி தோல் பதனிடுற ஷாப் பக்கம் போறப்ப மூக்கப் பொத்த வேணாம்" என்று பக்கத்து வீட்டு அம்மா ஆறுதல் சொன்னார். ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு என்று நான் வைத்திருந்த பதில்கள் அச்சில் ஏறாது.

ஆறுதலில் அடங்குகிற விஷயமாகவும் அது இல்லை. ஒருநாள் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்த என் கணவர் வாசலில் இருந்தே ஓடிவந்து ரெகுலேட்டரை மூடினார். ஜன்னல்களைத் திறந்தார். என் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிப் போனார். திட்டவில்லை. வாடை போகிற வரைக்கும் என் கையை விடவும் இல்லை.

மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். "வந்தாலும் வரும்மா, வராமலும் போகும். காத்திருக்கணும்" என்றார். இதைச் சொல்வதற்கு எதற்கு இவ்வளவு பெரிய படிப்பு என்று எனக்கு ஆத்திரம். வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு அன்றைக்கு நான் போட்டுக்கொண்ட முகமூடி அந்த ஆத்திரம். சமைக்கிற குழம்பும், பெற்ற பிள்ளையும், கட்டியவரும், நான் கும்பிடுகிற கோயிலும் எனக்கு மூக்கு வழியாகத்தான் உள்ளே வந்திருந்தார்கள். அந்த வாசல் அடைத்துவிட்டால் மிச்சக் காலத்தை வெளியிலேயே நின்று கழிக்க வேண்டியதுதான்.

டாக்டருக்குப் படிக்கிற இன்னொருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். எங்கள் ஒரே மகள். படிப்பது சீனாவில். அவள் போனில் வந்தாள்.

"அம்மா, மூக்குக்கும் டிரெய்னிங் இருக்கு. தினமும் மோந்து பாக்கணும். மணக்கலைன்னாலும் மோந்து பாக்கணும். ஒரே சாதியில ரெண்டு எடுத்துக்க, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு மூளை தேடட்டும். அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு, என்ன மணக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லச் சொல்லு. நீ கண்ண மூடி அதக் கேட்டுக்கிட்டே மோந்து பாரு."

"ஒரே சாதியில ரெண்டுன்னா என்னத்தடி எடுக்க?"

"நான் கொண்டாந்த டீ என்னாச்சு?"

காய்ச்சல் வருவதற்கு முன் லீவில் வந்தபோது அவள் இரண்டு வகைப் பச்சைத் தேயிலை கொண்டுவந்திருந்தாள். இரண்டும் உருட்டிய தேயிலை. இலையைப் பறித்துச் சூட்டில் வாட்டி, சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுருட்டிக் காயவைத்துவிடுகிறார்கள். பார்க்க மிளகு மாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் அதைப் பார்த்துவிட்டு வெடிமருந்து என்று பெயர் வைத்தானாம். அவனுக்கு அதுதான் முதலில் ஞாபகம் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அது மிளகு டீ.

ஒன்று சாதா டீ. ஹாஸ்டல் பக்கத்துக் கடையில் எல்லோரும் அன்றாடம் வாங்குகிறது, பெரிய பை. இன்னொன்று அவளோடு படிக்கிற சீனப் பெண்ணின் அம்மா கொடுத்துவிட்டது. சொந்தக்காரர் வீட்டுத் தோட்டத்தில் வசந்த காலத்தில் முதல் பறிப்பாகப் பறித்த கொழுந்து, நல்ல விலை போகிற சரக்கு. பெட்டியில் எடை கூடுகிறதென்று அதன் தகர டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வெறும் காகிதப் பொட்டலமாகக் கொண்டுவந்தாள்.

எங்கள் வீடுகளில் நல்ல பொருள் ஒன்று வந்தால் அது போய்ச் சேருகிற இடம் பீரோ. சின்னாளபட்டிச் சுங்குடிக்குக் கொடி, பட்டுச் சேலைக்குப் பீரோ. கல்யாணப் பட்டு, மகள் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை உடுப்பு, வீட்டுப் பத்திரம், யாரோ துபாயில் இருந்து கொண்டுவந்த சென்ட், எல்லாம் அதற்குள் பத்திரமாகத் தூங்கும். பூச்சி அண்டாமல் மூலைக்கு மூலை பாச்சை உருண்டை கிடக்கும். மகள் அந்தப் பக்கம் விமானம் ஏறியதும், சாதா டீயை அடுப்படியில் பழைய பிஸ்கட் டின்னில் கொட்டி மூடினேன். நல்ல டீயைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், கிறிஸ்துமஸுக்கு ஆகட்டும் என்று பட்டுச் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன். பொத்திப் பொத்தி வைக்கிற புத்தி எங்கள் அம்மா வீட்டுச் சீதனம்.

அந்த இரண்டையும்தான் இப்போது எடுத்தோம்.

சாயங்காலம் மேற்கு ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டையும் பக்கம் பக்கமாகக் கொட்டினேன். மூக்கு இல்லாதவளுக்குக் கண் கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறது. சாதா டீ சாம்பல் பூத்த பச்சை. பெரிதும் சிறிதுமாக, அரைகுறையாகச் சுருண்டு, நடுவே காம்பும் தூளுமாக இருந்தது. நல்ல டீ கரும்பச்சை, ஒரே அளவு, இறுகச் சுருட்டியது, மேலே ஒரு மினுக்கம். விரலில் எடுத்தால் கனம் தெரிந்தது. தட்டில் போட்டால் மிளகு விழுவது போலவே சத்தம் கேட்டது. சாதா டீ விழுகிற சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

தண்ணீரில்தான் முதல் சண்டை. டீ என்றால் தளதளவென்று மூன்று கொதி வர வேண்டும் என்று நம்புகிற சாதி நாங்கள். "கொதிக்கக் கொதிக்க ஊத்தாதம்மா, கருகிப் போகும். அடியில சின்னக் குமிழி வர்றப்பவே எறக்கிரு" என்று மகள் வீடியோவில் வந்து கெஞ்சினாள். போர் தண்ணீரில் போட்டதற்கு மேலே எண்ணெய் மாதிரி ஏடு படிந்தது. பிறகு கேன் தண்ணீருக்கு மாறினோம். ஒரு சொட்டுப் பாலும் இல்லாமல், சீனியும் இல்லாமல், இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றிவைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம்.

சாதா டீயில் உருண்டைகள் தண்ணீர் பட்டதும் அவிழ்ந்து, துண்டும் துணுக்குமாக அடியில் போய் உட்கார்ந்தன. சீக்கிரமே தண்ணீர் கலங்கிய மஞ்சளானது. நல்ல டீ அவசரப்படவில்லை. செத்த நேரம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு உருண்டையில் ஒரு நுனி மட்டும் வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று. மெல்ல மெல்ல விரிந்து முழு இலையாகி, கொழுந்தும் இலையுமாக ஒட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் நின்றபடி ஆடியது. தண்ணீரின் நிறம் மாறியதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு வெளிறிய பச்சை. வெயில் ஜன்னல் வழியாக அந்த டம்ளருக்குள் விழுந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம், மண்டி, டாக்டர் எல்லாம் எங்கோ தூரத்தில் இருந்தன.

நான் சாதா டீயை எடுத்து மோந்தேன். ஒன்றுமில்லை. அவரிடம் நீட்டினேன்.

"வைக்கோலு" என்றார். கொஞ்சம் யோசித்து, "லேசா பொகை."

அவ்வளவுதான். அவரிடம் அதுவே அதிகம். அடுத்து நல்ல டீயை நீட்டினேன். மோந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரும்பவும் மோந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன்.

 தெருவில் காய் வண்டி ஒன்று போனது.

"மழை விட்ட பெறகு சாணார்பட்டிப் பக்கம் போனா, கொய்யாத் தோப்பு இருக்கும்ல" என்றார். "பழம் இன்னும் பழுக்கல. எலைதான் மணக்குது. எலையெல்லாம் நனைஞ்சு, தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கு. வெயில் வருது."

அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு மூக்கில் ஒன்றும் வரவில்லை. ஆனால் கொய்யா இலைகளுக்கு அடியில் நான் நின்றேன். தோளில் ஒரு சொட்டு விழுந்தது என்றுகூடச் சொல்வேன்.

கண்ணைத் திறந்தபோது டம்ளர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "மோந்தாப் போதும், குடிக்காத. காய்ச்சல் கண்ட ஒடம்புக்கு இது ஆகாது" என்று சொல்லி, ஜன்னல் வழியாகக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டார். நாக்கில் மட்டும் தொட்டுக்கொள்ள அனுமதி. சாதா டீயை மட்டும் குடிக்கலாமாம். நல்லது எதையும் அனுபவிக்க விடாத மனுஷன் என்று முணுமுணுத்தேன்.

அதன் பிறகு எங்கள் சாயங்காலங்கள் எல்லாம் அப்படித்தான் ஆயின. சாதா டீக்கு அவர் ஒருநாளும் சொல்லை மாற்றவில்லை. வைக்கோல், புகை. சில நாள் வெறும் வைக்கோல். நல்ல டீக்கு மட்டும் தினமும் வேறு வேறு. டம்ளரை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"குஜிலியம்பாறைக் காட்டுல கடலை பிடுங்குறாக. செடிய ஒதறுறப்ப ஈர மண்ணும் பச்சக் கடலையும் சேந்து ஒண்ணு வரும்ல, அது."

"விடியக்காலம் லாரியில தார்ப்பாய அவுக்குறாக. உள்ள கொத்தமல்லிக் கட்டு. மேல பனி கெடக்கு. அவுக்கிறவன் செத்த நேரம் கைய வச்சுக்கிட்டு சும்மா நிக்கிறான்."

"பழனி ரோட்டுல ராத்திரி மழைக்குப் பெறகு புளியமரத்துக்கடியில வண்டிய நிப்பாட்டுனா வருமே, அம்புட்டுதான், வேற ஒண்ணும் இல்ல."

நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். கடலைக் காட்டில் நடந்தேன், புளியமரத்தடியில் நின்றேன். பகலில் கரும்பலகை முன்னால் நிற்கும்போதும், சாயங்காலம் இன்றைக்கு எங்கே கூட்டிப்போவாரோ என்று ஒரு நினைப்பு ஓடும். பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்க, நான் அவர்களுக்குப் பின்னால் ஜன்னலில் கொத்தமல்லிக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தேயிலை பற்றி எனக்கு ஒரு சித்தாந்தமே பிறந்துவிட்டது. சாதாத் தேயிலைக்கு ஒரே முகம், உயர்ந்த தேயிலை தினமும் வேறு முகம் காட்டும். இதை ஆசிரியைகள் அறையில் பிரசங்கமே செய்தேன். "மட்டமான சரக்கு என்னிக்கும் ஒரே மாதிரிதான் மணக்கும். ஒசந்தது அப்படியில்ல, நாளுக்கு நாள் மாறும்" என்று, சீனாவில் பிறந்து வளர்ந்தவள் மாதிரிப் பேசினேன். யாரும் மறுக்கவில்லை. மூக்கை இழந்தவளிடம் எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார்கள்.

என் கணவரின் அக்கா ஒருநாள் வந்தார். கணவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். வந்தவருக்குப் பீரோவைத் திறந்து நல்ல டீயைப் போட்டு, பீங்கான் கோப்பையில் கொடுத்தேன். மதினி ஒரு வாய் குடித்தார். கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எப்படி மதினி?"

"ம்... சீமை மருந்து மாதிரி இருக்கு" என்றார். "ஒடம்புக்கு நல்லதோ?"

அதற்குள் தலை துவட்டாமல் வந்த என் கணவர், "அக்கா, ஒனக்கு சுகர் இருக்குல்ல, இது ஆகாது" என்று கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சீனியே போடாத டீ சுகருக்கு ஆகாது என்று சொல்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். விருந்தாளி கையில் இருந்து பிடுங்குவதா என்று அவர் அக்கா போனபிறகு ஒரு மூச்சு சண்டை போட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

நாள் போகப் போக எனக்குள் ஏதோ தளர்ந்தது. வேறு யார் யாருக்கோ வாசம் திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டேன். எனக்கு மட்டும் டம்ளரில் வெறும் ஆவி. தேயிலையும் குறைந்துகொண்டே வந்தது. தவக்காலம் ஆரம்பித்த சமயம், ஒரு சாயங்காலம் இரண்டு டம்ளர்களையும் தள்ளிவைத்தேன்.

"விட்டுருவோம்ங்க. இனிமே வராது."

"வரும்."

"எனக்குத் தெரியும், வராது. செத்துப்போன மூக்குக்கு எதுக்கு இந்தச் சீராட்டு?"

 எழுந்து போகப் பார்த்தேன். அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார், சின்னப் பிள்ளை மாதிரி.

"செத்த நேரம் இரு. இன்னைக்கு என்ன மணக்குதுன்னு சொல்லிர்றேன். கேட்டுட்டுப் போ."

உட்கார்ந்தேன். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். மூக்குக்காக இல்லை என்று எனக்கே தெரியும்.

பங்குனி வெயில் ஏறியிருந்த ஒரு சாயங்காலம். வழக்கம்போல இரண்டு டம்ளர். வழக்கம்போல நான் சாதா டீயை முதலில் எடுத்து மோந்தேன். வெகுதூரத்தில், எங்கேயோ ஒரு காட்டில், யாரோ சருகு எரிப்பது போல ஒரு நூல் வந்து மூக்கைத் தொட்டது. மனப்பிரமை என்று டம்ளரைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்தேன். வைக்கோல். லேசாகப் புகை. அவர் சொன்ன அதே இரண்டு, சொன்ன அதே வரிசையில்.

 உடனே அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. அவர் அதற்குள் நல்ல டீயின் ஆவியை முகத்தில் வாங்கி, கண்ணை மூடியிருந்தார். நான் குனிந்து அவர் கையில் இருந்த டம்ளருக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன். கொய்யாத் தோப்பும் கடலைக் காடும் கொத்தமல்லியும் புளியமரமும் எனக்காக இதற்குள்தான் காத்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு, ஆழமாக இழுத்தேன்.

பாச்சை உருண்டை.

இன்னொரு முறை இழுத்தேன். சந்தேகமே இல்லை. என் பீரோதான் மணந்தது. பட்டுச் சேலையும் பத்திரமும் மூடிக்கிடக்கிற அந்த வாசம். பக்கத்தில் எதை வைத்தாலும் தேயிலை அதன் வாசத்தைக் குடித்துவிடும். வெறும் காகிதத்தில் கட்டிய தேயிலையைப் பாச்சை உருண்டைகளுக்கு நடுவே நான்தான் பூட்டிவைத்தேன். சீனத்தில் யாரோ பார்த்துப் பார்த்துச் சுருட்டிய முதல் கொழுந்து, திண்டுக்கல்லில் என் பவிசுக்குப் பலியாகிவிட்டது. மகளிடம் பிற்பாடு இதைச் சொல்லி இரண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. அந்த நிமிஷத்தில் என் புத்தியில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். முதல் நாளில் இருந்தே இந்த டம்ளரில் இருந்தது இதுதான். தோப்பு இல்லை. காடு இல்லை. ஒரு மழையும் இல்லை.

எதிரே அவர் பேச ஆரம்பித்திருந்தார்.

"பாப்பா பொறந்தப்ப நீ மயக்கத்துல இருந்த" என்றார், கண்ணைத் திறக்காமல். "துணியில சுத்தி என் கையில குடுத்தாக. எங்க பிடிக்கணும்னு தெரியல. யாரும் பாக்காதப்ப தலையில மோந்து பாத்தேன். சுடுதண்ணி போட்டுத் தொடச்சிருந்தாக போல. இருந்தாலும் அதுக்கடியில ஒண்ணு இருந்துச்சு. பாலும் இல்ல, பவுடரும் இல்ல. எதுகூடவும் சேத்துச் சொல்ல முடியல. இப்ப அது வருது."

அவர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. மகள் பள்ளிக்கூடம் முடித்து, கடல் தாண்டிப் போய்ப் படிக்கிற வரைக்கும் சொன்னதில்லை. என் மூக்கில் பாச்சை உருண்டை நெடி ஏறிக்கொண்டிருந்தது. மூக்கு திரும்பிவிட்டது என்று நான் சொன்ன மறுநிமிஷம் இந்தப் பேச்சு நின்றுவிடும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்துச் சொன்னால்தான் என்ன என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசைப்பட்டேன். ஆனால் இத்தனை நாளும் இந்த நெடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எனக்காகத் தோப்பு தோப்பாகத் தேடி அலைந்த மனுஷனை இன்னும் ஒருநாள் அலையவிட மனசு வரவில்லை.

"என்னங்க."

"ம்."

"பாச்சை உருண்டை நாத்தம் அடிக்குது."

கண்ணைத் திறந்தார். திருடன் அகப்பட்ட மாதிரி விழிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அது எதுவும் இல்லை. டம்ளரை வைக்க இடம் தெரியாமல் தரையில் வைத்தார்.

"வந்துருச்சா?"

குரல் உடைந்துவிட்டது. அவரை அப்படிப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

"வந்துருச்சுங்க."

"நெசமாவா? வைக்கோலு?"

"வைக்கோலு. லேசா பொகை."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் பழைய புத்தி திரும்பியது.

"இம்புட்டு நாளும் என்கிட்ட ஏன் சொல்லல?"

"மொத நாளே சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றார். "நீ கண்ண மூடிக்கிட்டு, மூஞ்சிய நிமித்திக்கிட்டு ஒக்காந்திருந்த. அந்த மூஞ்சியப் பாத்து பாச்சை உருண்டைன்னு எப்படிச் சொல்ல?"

எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அப்ப பாப்பா தலை? அதுவும் கதை கட்டுனதுதானா?"

அவர் தரையில் இருந்த டம்ளரைச் சற்று நகர்த்திவைத்தார்.

"அது மட்டும் நெசம்" என்றார். "டீயில இல்ல. ஆனா நெசம்."

நான் இரண்டு டம்ளர்களையும் எட்டத் தள்ளிவைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "முழுசும் சொல்லுங்க" என்றேன்.